பூ நிறத்தில் நம் ரசனை ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபியிலிருந்து சத்தி போகும் வழியில் சின்னதாக ஒரு நர்சரி வைத்திருக்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கோத்தகிரியில் அக்கா வீட்டுப் பொடக்காளியில் கொஞ்சம் ஐரிஸ் கிழங்கும் உண்டு. அது வியாபாரத்துக்கு இல்லை, என் பைத்தியத்துக்கு. நர்சரிக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் தண்ணீர், உரம், பூச்சி என்றுதான் கேட்பார்கள். இப்போது வேறொரு கேள்வி அடிக்கடி வருகிறது: "போன தடவை ஆசைப்பட்டு வாங்கின கலருங்க, இப்ப பார்க்கவே பிடிக்கலை. ஏனுங்ணா இப்படி?" அந்தக் கேள்விக்கும் அதன் பங்காளிக் கேள்விகளுக்கும் எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

நிற ரசனையைப் பற்றிப் பேச ஐரிஸ் எதற்கு? அது நம்ம ஊர்ப் பூவே இல்லையே?

இல்லைதான். ஆனால் நிறத்துக்காகவே மனிதர்கள் மெனக்கெட்ட பூ என்று பார்த்தால் ஐரிஸுக்குத் தனி இடம் உண்டு. பெயரே கிரேக்கர்களின் வானவில் தேவதையுடையது. பூவில் மூன்று இதழ் மேல்நோக்கி நிற்கும், மூன்று இதழ் கீழே தொங்கும். தொங்கும் இதழின் நடுவில் கம்பளிப்பூச்சி படுத்த மாதிரி மயிர்க்கற்றை ஒன்று இருக்கும். அதைத் தாடி என்பார்கள். மேல் இதழுக்கு ஒரு நிறம், கீழ் இதழுக்கு ஒரு நிறம், ஓரத்துக்கு ஒரு நிறம், தாடிக்கு ஒரு நிறம் என்று ஒரே பூவில் நான்கு இடத்தில் விளையாடலாம். நூறு வருஷமாக விளையாடிக்கொண்டும் இருக்கிறார்கள், வருஷம் போட்டுப் பதிவும் செய்திருக்கிறார்கள். அதனால் எந்தக் காலத்தில் எந்த நிறத்தின் மேல் ஆசை இருந்தது என்று ஐரிஸில் பார்க்க முடிகிறது. நம்ம ஊரில் அரளிக்கும் செம்பருத்திக்கும் அப்படிக் கணக்கு எழுதி வைத்தவர்களை நான் பார்த்ததில்லை.

சரி, ஆசை வந்துவிட்டது. கோயமுத்தூர், ஈரோடு பக்கம் ஐரிஸ் வளருமா?

தாடி வைத்த ஐரிஸ் வளராது. இலை வரும், பூ வராது. ஐப்பசி மழையில் கிழங்கு அழுகும். அதற்குக் குளிர்காலம் என்று ஒன்று வேண்டும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் முடியும். ஏற்காட்டில் முயன்று பார்க்கலாம்.

சமவெளியில் இரண்டு மாற்று உண்டு. ஒன்று, ஆரஞ்சு இதழில் சிவப்புப் புள்ளி தெளித்த சிறுத்தை லில்லி. இதை ரொம்ப நாள் பெலம்கண்டா என்று தனிப் பேரினமாக வைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்துவிட்டு 2005இல் ஐரிஸ் இனத்திலேயே சேர்த்துவிட்டார்கள். காய் வெடித்தால் உள்ளே கருமணி கோத்த மாதிரி விதை. நம்ம வெயிலைத் தாங்கும். இன்னொன்று நடக்கும் ஐரிஸ். இது உறவுக்காரச் செடிதான், அசல் ஐரிஸ் இல்லை. வெள்ளையும் வயலட்டும் கலந்த பூ ஒரே நாளில் வாடிவிடும். பூத்த தண்டு வளைந்து மண்ணைத் தொட்ட இடத்தில் புதுக் கன்று வேர்விடும். நிழலில், வாழைக்கடியில் வைக்கலாம்.

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நிறத்தைத்தான் எடுக்கிறார்களா?

என் கண்ணில் பட்ட வரைக்கும், பெரும்பாலும் ஆமாம். புதுவீடு குடிபோனவர்கள் ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து இறங்கினால், சிவப்புச் செம்பருத்தி, அடர் ரோஸ் காகிதப்பூ, மஞ்சள் செவ்வந்தி. கேட்காமலே எடுத்து வைத்துவிடலாம். தூரத்திலிருந்து தெரியவேண்டும், கேட் பக்கம் போகிறவர்கள் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் அப்போதைய கணக்கு. அதில் தப்பே இல்லை. புதுச் சுவர், வெறும் மண், ஒரு செடியும் இல்லாத இடத்தில் கண்ணுக்குத் தேவை ஒரு பளீர்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து அதே ஆட்கள் வருவார்கள். இந்தத் தடவை வாசலில் நிற்பதைத் தாண்டிப் பின்பக்கம் போய், "வேற மாதிரி ஏதாச்சும் இருக்குங்களா?" என்பார்கள். வேற மாதிரி என்றால் அடுக்கு இதழ், இரண்டு நிறம், ஓரம் கட்டினது, இலையில் வெள்ளைத் தேமல் விழுந்தது. ஒரே செடியில் வெள்ளையும் மெஜந்தாவும் பூக்கும் மேரி பாமர் காகிதப்பூ இந்தக் கட்டத்தில்தான் விற்கும். அப்புறம் கருப்பு. பாலைவன ரோஜா என்கிற அடீனியத்தில் கருப்பு இருக்கிறதா, ரோஜாவில் கருப்பு இருக்கிறதா என்று ஒரு தேடல். கருப்பு என்று விற்பதெல்லாம் அடர்ந்த சிவப்புதான் என்று சொல்லித்தான் கொடுப்பேன். கேட்டுக்கொண்டே வாங்கிப் போவார்கள்.

அதற்கும் பின்னால், எல்லோரும் இல்லை, சில பேர் வெள்ளைக்கு வருவார்கள். இது ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. பக்குவம், முதிர்ச்சி என்றெல்லாம் நானே கதை கட்டி வைத்திருந்தேன். அந்தக் கதையைக் கலைத்தது திருப்பூர்க்காரர் ஒருவர். அடுத்த கேள்வி அவருடையது.

முதலில் சிவப்பு பிடித்தது, இப்போது வெள்ளை பிடிக்கிறது. வயசாகிவிட்டதா?

சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறவர். வயது முப்பத்தைந்து இருக்கும். அவர் கண் சாதாரணக் கண் இல்லை. லேப் டிப் என்று சின்னத் துணித்துண்டில் சாயம் ஏற்றி, லைட் பாக்ஸில் வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை, கடை டியூப் வெளிச்சத்தில் ஒரு தடவை என்று பார்த்து, ஷேடு ஒத்துப்போகிறதா என்று சொல்வதுதான் அவர் தொழில். என்னிடம் இருபது சிவப்புச் செம்பருத்தி வாங்கி மாடியில் வைத்திருந்தார். ஒரு வருஷம் கழித்து வந்து, "அத்தனையும் யாருக்காவது கொடுத்தரலாம்னு இருக்கேனுங்ணா, செடியே தெரிய மாட்டேங்குது" என்றார்.

நோயா, மாவுப்பூச்சியா என்று விசாரித்தால் ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் பூக்கிறது. "எப்ப பார்ப்பீங்க?" என்று கேட்டேன். காலையில் ஏழு மணிக்குக் கிளம்பி, திரும்ப வீட்டுக்கு வருவது ஆறரை, ஏழு. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு டீ தம்ளரோடு மாடி ஏறுவார். அந்த நேரத்தில் சிவப்புப் பூ எப்படித் தெரியும்? கரிக்கட்டை மாதிரி. இலை வெளிறித் தெரியும், பூ இருட்டோடு போய்விடும்.

இதற்குக் காரணம் கண்ணிலேயே இருக்கிறது. பகலில் நிறம் பார்க்கிற கூம்பு செல்கள் வேலை செய்கின்றன. வெளிச்சம் குறையக் குறைய, குச்சி செல்கள் பொறுப்பை எடுத்துக்கொள்கின்றன. அவற்றுக்குச் சிவப்பு கிட்டத்தட்டத் தெரியாது. நீலமும் பச்சையும் கொஞ்சம் தெரியும். வெள்ளை நன்றாகத் தெரியும். செக் நாட்டு விஞ்ஞானி புர்கினே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் கவனித்தார். பகலில் பளபளத்த சிவப்புப் பூக்கள் விடியல் இருட்டில் கருத்துக் கிடந்ததுதான் அவருக்கு வழிகாட்டியது. அவர் பெயரில் இதைப் புர்கினே விளைவு என்பார்கள்.

லைட் பாக்ஸுக்கு முன்னால் தினமும் இதையே செய்கிறவருக்கு இது நொடியில் புரிந்துவிட்டது. "அட, லைட்டு மாறினா ஷேடு மாறுது, அவ்வளவுதானுங்க" என்றார். வெள்ளை நித்தியகல்யாணியும் வெளிர்நீலச் சங்குப்பூவும் எடுத்துப் போனார். கூட ஒரு குண்டுமல்லி. சிவப்புச் செம்பருத்தியில் பாதியை அவர் அம்மா கொடுக்க விடவில்லை. அம்மா பூப்பறிப்பது காலையில்.

அதன் பிறகு யார் வந்து ரசனை மாறிவிட்டது என்றாலும் நான் முதலில் கேட்பது, "எந்த நேரத்தில் தோட்டத்தைப் பார்க்கிறீர்கள்?" என்றுதான். வேலை மாறினால் நேரம் மாறுகிறது, நேரம் மாறினால் நிறம் மாறுகிறது. ரிட்டயர் ஆனவர்கள் மறுபடியும் சிவப்புக்கும் மெரூனுக்கும் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். காலை எட்டு மணி வெயிலில் நாற்காலி போட்டு உட்காருகிறவர்கள் அவர்கள்.

அப்படியானால் வயதுக்குச் சம்பந்தமே இல்லையா?

உண்டு, ஆனால் நாம் நினைக்கிற விதத்தில் இல்லை. வயதாக ஆகக் கண்ணின் வில்லை மெல்ல மஞ்சளடிக்கும். மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நீலம் மங்கும். வயலட் பழுப்பாகத் தெரியும். இது வருஷக்கணக்கில் நடப்பதால் நமக்கே தெரியாது. "நீலப் பூவில் என்ன இருக்கிறது, மஞ்சள்தான் அழகு" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவோம்.

என் அம்மாயிக்குக் கண்புரை ஆபரேஷன் செய்து கட்டுப் பிரித்த மறுநாள். வாசல் திண்ணையில் உட்கார்ந்தவர் வேலியைப் பார்த்து, "இதென்ன கண்ணு, புதுசா நீலத்துல கொடி வெச்சிருக்கறே?" என்றார். அந்தச் சங்குப்பூக் கொடி பத்து வருஷமாக அதே வேலியில் இருக்கிறது. விதை போட்டதே அவர்தான்.

தோட்டத்தில் ஐரிஸை வரிசை வரிசையாக வளர்த்த பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கும் இதே கதை. 1923இல் கண்புரை ஆபரேஷன். அதற்கு முன் வரைந்த படங்களில் செம்மண்ணும் பழுப்பும் ஏறிக் கிடக்கும். ஆபரேஷனுக்குப் பின் எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று புலம்பினார். அதனால் அறுபது தாண்டியவர்களுக்கு நீலம் சலித்துவிட்டது என்றால், செடியை மாற்றுவதற்கு முன் கண்ணைக் காட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். வியாபாரிக்கு இது நஷ்டம்தான்.

ஐரிஸ்காரர்களின் ஆசை எப்படியெல்லாம் மாறியிருக்கிறது?

பழைய தோட்டங்களில் ஐரிஸ் என்றால் வயலட், மஞ்சள், வெள்ளை, அவற்றின் கலப்பு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துருக்கிப் பக்கத்திலிருந்து பெரிய பூக்கள் விடும் வகைகள் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தபின் பூவின் அளவு கூடியது. 1920இல் அமெரிக்க ஐரிஸ் சங்கம் தொடங்கியது. ஐரிஸ் ஆராய்ச்சியாளர் டைக்ஸ் பெயரில் ஒரு பதக்கமும் வந்தது. அந்தப் பதக்கம் வாங்கிய பூக்களை மட்டும் வரிசையாகப் பார்த்தால் போதும்.

1927இல் அமெரிக்காவில் முதல் பதக்கம் வாங்கியது 'சான் பிரான்சிஸ்கோ'. வெள்ளைப் பூ, ஓரத்தில் மட்டும் இளவயலட் தையல் போட்ட மாதிரி. அமைதியான பூ. அப்புறம் எல்லோருக்கும் ரோஸ் வேண்டியிருந்தது. ரோஸ் நிறம் ஐரிஸில் கிடையவே கிடையாது என்றிருந்த காலம். டேவிட் ஹால் என்பவர் வருஷக்கணக்காகக் கலப்பினம் செய்து, 1940களில் பூநாரை நிற ரோஸைக் கொண்டுவந்தார். அவருடைய 'செரி' 1951இல் பதக்கம் வாங்கியது. ரோஸ் வந்ததும் ரோஸ் சலித்தது. பால் குக் என்ற இன்னொருவர் ஒரு குட்டைக் காட்டு ஐரிஸின் ரத்தத்தைக் கலந்து, மேலே வெள்ளை, கீழே நீலம் என்று துல்லியமாகப் பிரிந்த பூக்களை உண்டாக்கினார். 'ஹோல் கிளாத்' 1962இல் பதக்கம் பெற்றது. 1968இல் 'ஸ்டெப்பிங் அவுட்': வெள்ளைக்கு அடர் ஊதாக் கரை. நம்ம கைத்தறிக் கரைவேட்டி மாதிரி, கரை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கோடு போட்டுக் காட்டலாம்.

1985இல் மறுபடி ரோஸ், 'பெவர்லி சில்ஸ்'. பாட்டுக்காரம்மா ஒருவரின் பெயர். 1992இல் 'டஸ்கி சேலஞ்சர்', கருநாவல் நிறம். 1996இல் 'பிஃபோர் தி ஸ்டார்ம்', கிட்டத்தட்டக் கருப்பு. அதற்கடுத்த வருஷம்தான் வேடிக்கை. 1997இல் பதக்கம் வாங்கிய 'தார்ன்பேர்ட்' மங்கிய காக்கி நிறம், தாடி நுனியில் ஊதாக் கொம்பு. அந்தப் பூவின் படத்தை நர்சரியில் காட்டினால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர், "வாடிப் போச்சுங்களா?" என்றுதான் கேட்பார்கள். ஆனால் எழுபது வருஷம் வெள்ளையும் ரோஸும் ஊதாவும் பார்த்துச் சலித்த நடுவர்களுக்கு அந்தச் சேற்று நிறம்தான் புதுசு.

ஒன்று சொல்லவேண்டும். பதக்கம் வேறு, வீட்டு வாசல் வேறு. ஐரிஸ் சங்கத்து உறுப்பினர்கள் தங்களுக்குப் பிடித்ததற்கு ஓட்டுப் போட்டபோது, அந்த ஊதா 'டஸ்கி சேலஞ்சர்' பல வருஷம் முதலிடத்தில் நின்றது. காக்கி நிற்கவில்லை.

இத்தனை செய்தவர்கள் ஒரு நல்ல சிவப்பு ஐரிஸை ஏன் செய்யவில்லை?

முடியவில்லை. சிவப்பு ஐரிஸ் என்று பட்டியலில் இருப்பதெல்லாம் செங்கல், மெரூன், பீட்ரூட் வகை. இட்லிப் பூவின் சிவப்பு வராது. ஐரிஸின் நீலமும் ஊதாவும் டெல்பினிடின் என்ற நிறமியிலிருந்து வருகின்றன. பளீர்ச் சிவப்புக்குத் தேவையான பெலார்கோனிடின் அந்தச் செடியிடம் இல்லை. ரோஸ் வந்ததே குறுக்கு வழியில்தான்: கிணத்துக்கடவுச் சந்தைத் தக்காளியைச் சிவக்க வைக்கும் அதே லைக்கோபீன்தான் ரோஸ் ஐரிஸிலும். அதனால்தான் அந்த வகைகளுக்குத் தாடி மட்டும் ஆரஞ்சு நிறத்தில் எரியும்.

ரோஜாவுக்கு இதே கஷ்டம் தலைகீழாக. அதனிடம் டெல்பினிடின் இல்லை, ஆகவே நீல ரோஜா இல்லை. ஜப்பானின் சன்டோரி கம்பெனி பான்சிப் பூவின் மரபணுவைச் செருகி 2009இல் நீல ரோஜா என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. பார்த்தால் இளம் ஊதா. சந்தையில் யாராவது பளீர் நீல ரோஜா விற்றால் அது சாயத்தண்ணீரில் நிறுத்தி வைத்தது. ஆன்லைனில் நீல ரோஜா விதை என்று பாக்கெட் வருகிறதே, அதை வாங்கி ஏமாந்தவர்கள் என்னிடம் வந்து முளைத்ததைக் காட்டியிருக்கிறார்கள். ஒன்றில் கீரை முளைத்திருந்தது.

காகிதப்பூ, பத்துமணிப் பூ, கோழிக்கொண்டை, வாடாமல்லி, அந்திமந்தாரை எல்லாம் இன்னொரு ஜாதி. அவற்றின் நிறம் பீட்டலெயின், பீட்ரூட்டின் நிறம். இந்த நிறமி உள்ள செடியில், மற்றப் பூக்களுக்குச் சிவப்பும் நீலமும் தரும் ஆந்தோசயனின் என்ற நிறமி வகை இருக்காது. பீட்டலெயினில் மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ், மெஜந்தா வரும். நீலக் காகிதப்பூ கேட்காதீர்கள்.

நிறத்தில் நம் ஆசை பாதி இப்படித்தான் உருவாகிறது. எந்தச் செடிக்கு எது முடியாதோ அதைக் கேட்போம். கிடைத்த நாளிலிருந்து அடுத்ததைக் கேட்போம்.

நர்சரியில் பார்த்த நிறம் வீட்டில் இல்லை. ஏமாற்றிவிட்டீர்களா?

சில சமயம் வெயில், சில சமயம் வேர், சில சமயம் போன்.

வெயிலைப் பார்ப்போம். சூடு கூடினால் ஆந்தோசயனின் உற்பத்தி குறையும். மார்கழியில் அடர் ரோஸாகப் பூத்த ரோஜா, சித்திரையில் கரூர், ஈரோடு வெயிலில் வெளிறிப் போவதற்குக் காரணம் இதுதான். உரம் போட்டுப் பிரயோஜனம் இல்லை. மதியம் நிழல் விழும் இடத்துக்குத் தொட்டியை நகர்த்துங்கள். காகிதப்பூவுக்கு நேர் எதிர்: நாள் முழுக்க வெயில் வேண்டும், தண்ணீரைக் குறைக்க வேண்டும். நிழலில் வைத்துத் தினமும் தண்ணீர் விட்டால் இலைதான். கருப்பு அடீனியத்தின் இதழ் ஓரம் தீய்ந்து போவதும் வெயிலால்தான்.

வேர் என்பது ஒட்டுச் செடிப் பிரச்சினை. மேலே ஒட்டியது காய்ந்து, கீழே இருக்கும் காட்டுத் தண்டு தழைத்தால் நிறம் மாறிப் பூக்கும். செடி நிறம் மாறவில்லை, செடியே மாறிவிட்டது. ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை உடனுக்குடன் கிள்ளுங்கள். அடீனியத்தை விதையில் வளர்த்தால் தாய்ச் செடியின் நிறம் வரும் என்று உத்தரவாதம் இல்லை. ஐரிஸ்காரர்களிடமும் இதே புகார் உண்டு: "பத்து நிறம் வைத்தேன், எல்லாம் ஊதாவாகிவிட்டது" என்பார்கள். ஊதாவாக மாறவில்லை. முரட்டு ஊதா வகை பெருகி, மற்ற கிழங்கை நெருக்கித் தள்ளிவிட்டது.

போனைப் பற்றி ஒரு வரி: செடியில் வயலட், படத்தில் நீலம் என்பது தினமும் நடக்கிறது. வாட்ஸப்பில் படம் பார்த்து நிறம் முடிவு செய்து முன்பணம் அனுப்பாதீர்கள்.

மஞ்சளை யாரும் வேண்டாம் என்பதே இல்லையே, ஏன்?

நம்ம ஊர் விஷயம் இது. தை பிறக்கும் முன் காப்புக்கட்டு. ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு எறவாணத்தில், தொண்டுப்பட்டியில், வயலில் செருகுவோம். மஞ்சள், வெள்ளை, பச்சை. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் பூப்பறிக்கிற நோம்பி: பெண்டு பிள்ளைகள் கட்டுச்சோறு, முறுக்கு எடுத்துக்கொண்டு கும்பலாகப் போய் ஆவாரம்பூப் பறித்து, ஆற்றோரம் உட்கார்ந்து சாப்பிட்டு, கும்மியடித்துவிட்டு வருவார்கள். அந்த மஞ்சள் சின்ன வயதிலேயே கண்ணில் ஏறிவிடுகிறது. பூசைக்குச் செவ்வந்தி, மாலைக்குச் செண்டுமல்லி என்று வருஷம் முழுக்க மஞ்சள் கூடவே வருகிறது. அது ரசனைக் கணக்கிலேயே சேராது. உப்பு பிடிக்குமா என்று யாரும் கேட்பதில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. சாமிக்கு ஆகிற பூ, ஆகாத பூ என்ற கணக்கு வீட்டில் பெரியவர்களிடம் இருக்கும். செவ்வரளி எந்த வீட்டிலும் நிற்கும். அதன் ரோஸ் நிறத் தங்கையை நெடுஞ்சாலை நடுத்திட்டில் கிலோமீட்டர் கணக்கில் பார்த்துப் பார்த்து, "ரோட்டுப் பூ" என்று ஒதுக்குகிறவர்கள் இப்போது வந்துவிட்டார்கள். பாவம், அந்தச் செடி என்ன செய்யும்? எங்கும் கிடைப்பது இளப்பமாகிவிடுகிறது. கனகாம்பரத்துக்கும் ஒரு காலத்தில் அந்தக் கதி வந்தது. டிசம்பர் பூவுக்கும் வந்தது. இப்போது நகரத்து மாடித் தோட்டக்காரர்கள் டிசம்பர் பூ வயலட்டைத் தேடி வருகிறார்கள், பாட்டி வீட்டு ஞாபகத்தில்.

வீட்டில் ஆளுக்கு ஒரு நிறம் கேட்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

நிறத்தைக் கலந்து வைக்காதீர்கள், அதுதான் சண்டை. மாமியாருக்குக் கிழக்குப் பக்கம் காலை வெயிலில் சிவப்பும் மஞ்சளும். வேலைக்குப் போகும் மருமகளுக்கு மேற்கே, மாலையில் நிற்கிற இடத்தில் வெள்ளையும் வெளிர்நீலமும். பின்னால் இருக்கும் சுவரையும் பாருங்கள். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைப் பூ வைத்தால் காசு வீண். பூசாத செங்கல் சுவருக்கு முன்னால் ஆரஞ்சு இட்லிப் பூவும் அப்படித்தான்.

பிள்ளைகளுக்கு ரங்கூன் மல்லி வையுங்கள். சாயங்காலம் வெள்ளையாக விரிந்து, மறுநாள் ரோஸாகி, அப்புறம் சிவக்கும். மூன்று நிறமும் ஒரே கொத்தில் இருக்கும். யார் கேட்ட நிறம் என்று சண்டை வராது.

பிடிக்காமல் போன செடியைப் பிடுங்கிவிடலாமா?

ஒரு வருஷம் பொறுங்கள். முதலில் இடத்தை மாற்றிப் பாருங்கள். நிழலிலிருந்து வெயிலுக்கு, வாசலிலிருந்து பின்பக்கத்துக்கு. தொட்டிச் செடிக்கு இதற்கு ஐந்து நிமிஷம் போதும். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் பதியன் ஒன்று போட்டு யாருக்காவது கொடுத்துவிட்டுப் பிடுங்குங்கள். நான் அப்படிக் கொடுக்காமல் பிடுங்கி எறிந்த நாட்டு ஒற்றை ரோஜா ஒன்றை ஆறு வருஷமாகத் தேடுகிறேன். அந்த நிறத்துக்குப் பெயர்கூடத் தெரியாது, காட்டிக் கேட்கவும் படம் இல்லை.

ஐரிஸ் வைத்திருக்கும் மலைக்காரர்களுக்கு: மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை கிழங்கைப் பிரித்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் பூ குறையும். பிரிக்கும்போது மிச்சப்படுவதைக் கொடுத்துவிடலாம். நடும்போது கிழங்கின் முதுகு மண்ணுக்கு மேலே தெரியவேண்டும், வெயில் படவேண்டும்.

உங்களுக்கு இப்போது எந்த நிறம் பிடிக்கும்?

பத்து வருஷம் முன்னால் கேட்டிருந்தால் கருப்பு என்றிருப்பேன். கோத்தகிரியில் கருநாவல் ஐரிஸ் ஒன்றைப் பாத்தி நிறைய வைத்தேன். மேகம் இறங்கும் ஊர் அது. பாதி நாள் வெளிச்சமே இருக்காது. ஏப்ரலில் பூத்து நின்றபோது சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்த அக்கா, "என்னடா பாத்தியில ஓட்டை ஓட்டையா தெரியுது?" என்றாள். மஞ்சும் கருப்பும் சேர்ந்தால் பூ இருக்கிற இடம் பள்ளமாகத்தான் தெரிகிறது.

அந்தக் கிழங்கை எடுக்கவில்லை. நடுவில் நடுவில் வெளிறிய மஞ்சள் வகை ஒன்றைச் செருகினேன். இப்போது மஞ்சு இறங்கினால் மஞ்சள் மட்டும் தெரியும், வெயில் வந்தால் கருப்பு தெரியும். போன வைகாசியில் போனபோது இரண்டும் முடிந்திருந்தது. காய் மட்டும் இரண்டு நின்றது. அதைப் பறித்து வந்து விதையைச் சின்னத் தொட்டியில் போட்டு அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். முளைத்துப் பூக்க இரண்டு மூன்று வருஷமாகும். கருப்பும் மஞ்சளும் கலந்தால் என்ன நிறம் வரும் என்று கேட்டால், அனேகமாகக் காக்கி.